பெட்டி போச்சு என்று சொல்வதற்கு முன் போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள்

கம்பெனி சர்வீஸ் சென்டர்களில் இன்னைக்கு நடக்கிறது பெரும்பாலும் ரிப்பேர் இல்லைங்க, சாமான் மாற்றுகிற வியாபாரம். இதைச் சொன்னால் பட்டணத்து நண்பர்களுக்குக் கோபம் வருகிறது. "ஊர் மெக்கானிக்குக் கம்ப்யூட்டர் தெரியுமா? வயரை அறுத்து வெச்சுடுவான். கம்பெனியில விடறதுதான் சேஃப்" என்கிறார்கள். அந்தப் பேச்சுக்குத்தான் இந்தப் பதில்.

விஷயம் பாடி கன்ட்ரோல் மாட்யூல், சுருக்கமாக பி.சி.எம். பெரும்பாலும் டேஷ்போர்டுக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் ஒரு சின்னப் பெட்டி. ஹெட்லைட், இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன், கதவுப் பூட்டு, பல வண்டிகளில் சாவியை அடையாளம் காண்கிற வேலைகூட அதன் பொறுப்பில்தான். பழைய அம்பாசடரில் சுவிட்சைப் போட்டால் கரண்ட் வயர் வழியே நேராக லைட்டுக்குப் போகும். இப்போது சுவிட்ச் பெட்டியிடம் மனு கொடுக்கிறது. பெட்டி மனசு வைத்தால் லைட் எரியும்.

பழவேற்காட்டுக் குப்பம் ஒன்றில் தம்பி ஒருவர் கடன் வாங்கிப் பழைய ஏழு சீட் வண்டி ஓட்டுகிறார். விடியக்காலையில் இறால், நண்டுப் பெட்டி. பகலில் சவாரி. ராத்திரி யாருக்காவது இடுப்பு வலி வந்தால் சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற பொன்னேரி ஆஸ்பத்திரி. எங்க வயல் தர்பூசணியும் அதில் போனதுண்டு. போன மழைக்குப் பிறகு அந்த வண்டிக்குப் பேய் பிடித்தது. நிறுத்தி வைத்தால் வைப்பர் தானாக ஆடும், நடுராத்திரி ஹாரன் அடிக்கும், ஓடும்போது ஹெட்லைட் பொசுக்கென்று அணையும். லைட்ஹவுஸ் குப்பத்துப் பக்கம் பாலத்தில், ரெண்டு பக்கமும் தண்ணி, வண்டிக்குள்ளே பிள்ளைத்தாய்ச்சி, லைட் இல்லை. யோசித்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் ஒரு கம்பெனி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போனோம். எஸ்டிமேட் இங்கிலீஷில் இருக்கும் என்று தம்பி என்னையும் கூட்டிப் போனார். ஸ்கேனரைச் செருகினார்கள். யூ 0140 என்று வந்தது. பத்து நிமிஷத்தில் தீர்ப்பு: பெட்டி அவுட். புதுப் பெட்டி, கோடிங், சாவி ப்ரோகிராம் எல்லாம் சேர்த்து 42,000 ரூபாய். மல்டிமீட்டரை ஒருத்தர்கூடக் கையில் எடுக்கவில்லை.

அந்தக் கோடுக்கு என்ன அர்த்தம்? பி.சி.எம்.மோடு தொடர்பு கிடைக்கவில்லை. அவ்வளவுதான். ஏரிக்குள் வலை போடப் போனவருக்குப் போன் போட்டால், தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று வருகிறது. உடனே ஒப்பாரி வைக்கிறோமா? டவர் இல்லாமல் இருக்கும், சார்ஜ் தீர்ந்திருக்கும், போன் நனைந்திருக்கும். அதே மாதிரி பெட்டிக்குக் கரண்ட் வருதா, எர்த் சரியா, செய்தி போகிற வயர் முழுசா இருக்கா, இத்தனையும் பார்த்த பிறகுதான் பெட்டி மேல் கை வைக்கணும்.

இதற்குப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். ஓடாமல் நிற்கிற வண்டியில் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் பக்கம் காட்டணும். பெட்டிக்குப் போகிற ஒவ்வொரு ஃபியூஸிலும் ரெண்டு பக்கமும் கரண்ட் இருக்கணும். லைட்டையெல்லாம் போட்டுவிட்டு, பேட்டரி நெகட்டிவுக்கும் பெட்டியின் எர்த்துக்கும் நடுவில் அளந்தால் 0.1 வோல்ட், மிஞ்சினால் 0.2, அதற்கு மேல் கூடாது. செய்தி போகிற கேன் வயர்கள் ரெண்டுக்கும் நடுவே, பேட்டரியைக் கழற்றிவிட்டு அளந்தால் 60 ஓம் கிட்டத்தில் வரணும். ரெண்டு முனையிலும் 120 ஓம் வைத்திருப்பதால் அந்தக் கணக்கு. 60-க்குப் பதில் 120 வந்தால் எங்கோ ஒரு பக்கம் விட்டுப்போயிருக்கு.

பொன்னேரிப் பக்கம் ஒரு எலக்ட்ரீஷியன் அண்ணன் அரை மணி நேரத்தில் இத்தனையும் பார்த்தார். எர்த்தில் 1.9 வோல்ட் காட்டியது. டிரைவர் காலோரம் இருக்கிற பிளாஸ்டிக்கைக் கழற்றினால், எர்த் போல்ட் துருவேறிக் கிடக்கிறது, கனெக்டர் பின்களில் பச்சைக் களிம்பு. உப்புக் காத்தும் மீன் பெட்டியில் இருந்து வடிந்த ஐஸ் தண்ணியும் சேர்ந்து செய்த வேலை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பின்னைச் சுத்தம் பண்ணி, கிரீஸ் தடவி முறுக்கினார். 700 ரூபாய். பேய் போய்விட்டது.

பெட்டியே செத்துப்போவதும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வண்டி முழுகியவர்களுக்கு அது தெரியும். ஆனால் அப்படி ஆகியிருந்தால் இந்த அண்ணனால் ஒன்றும் செய்திருக்க முடியாது. புதுப் பெட்டியை மாட்டினால் மட்டும் போதாது, வண்டிக்கும் சாவிக்கும் அதைப் பழக்கணும். அதற்கான சாஃப்ட்வேர் கம்பெனியிடம். எல்லா வண்டிக்கும் பொதுவான ஓ.பி.டி. சாக்கெட் இருக்கே என்பீர்கள். அதில் பொதுவாகப் படிக்க முடிவது எஞ்சினும் புகையும் சம்பந்தப்பட்டவை. பாடி சம்பந்தப்பட்டதில் பெரும்பகுதி அந்தந்தக் கம்பெனியின் சொந்த பாஷை. கதவைப் பூட்டி வைத்துவிட்டு, உள்ளே வரத் தெரியாதவன் என்று வெளியே நிற்பவனைத் திட்டுவது என்ன நியாயம்?

நான் மட்டும் சொல்லவில்லை. ஷம்ஷேர் கட்டாரியா என்பவர் 2011-ல் கொடுத்த புகாரில், இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்கு 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. ஸ்பேரையும் டயக்னாஸ்டிக் கருவியையும் வெளி மெக்கானிக்குக் கிடைக்கவிடாமல் வைத்ததுதான் குற்றம். வெளியே ரிப்பேர் பார்த்தாலே வாரண்டி ரத்து என்று ஒட்டுமொத்தமாக நிபந்தனை போடக்கூடாது என்றும் சொன்னது. அப்புறம் மேல்முறையீடு, கோர்ட்டு என்று இழுத்தது. 2022 டிசம்பரில் மத்திய அரசு ரிப்பேர் உரிமைக்கு ஒரு இணையதளம் திறந்தது. தனிச் சட்டம் வரவில்லை.

சாவி சாஃப்ட்வேரை வெளியே விட்டால் வண்டித் திருட்டு பெருகும் என்பார்கள். அது நியாயமான பயம்தான். அமெரிக்காவில் சாவி வேலை செய்கிறவர்களைப் பின்புலம் விசாரித்துப் பதிவு செய்து, அவர்களுக்கு மட்டும் சாவிக் கோடு கொடுக்கிற ஏற்பாடு இருக்கிறது. அங்கே மாசசூசெட்ஸில் 2012-லேயே மக்கள் ஓட்டுப் போட்டு ரிப்பேர் உரிமையை வாங்கினார்கள். இங்கேயோ, எண்ணூர் துறைமுகத்தில் இருந்து வரிசை வரிசையாகக் கார் கப்பல் ஏறுகிறது. அதே கரையில் கொஞ்சம் வடக்கே இருக்கிறவன் வயரிங் படத்துக்குத் திருட்டு பி.டி.எஃப். தேடுகிறான்.

இலவசமாகக் கேட்கவில்லை. ஆதாரை வாங்கிக்கொள்ளட்டும், பதிவு போடட்டும், ஒரு நாளுக்கு இவ்வளவு என்று சாஃப்ட்வேரை வாடகைக்கு விடட்டும். பொன்னேரி அண்ணனிடம் கேட்டேன். 500 ரூபாய் வரைக்கும் கட்டத் தயார் என்றார்.