தீவன மூட்டைக்குள் மூலிகை வரட்டும், சோதனையோடு வரட்டும்

கறிக்கோழித் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலக்கும் பழக்கம் நோய் தீர்ப்பதற்காகத் தொடங்கியதல்ல. 1940களின் இறுதியில், ஆரியோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மருந்துத் தயாரிப்பில் மிஞ்சிய கழிவைத் தின்ற குஞ்சுகள் வேகமாக எடை கூடுவதை அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டார்கள். அதன்பிறகு நலமாக இருக்கும் கோழிக்கும் நாள்தோறும் சிறு அளவில் மருந்து போகத் தொடங்கியது. கிருமியைக் கொல்லப் போதாத இந்த அளவு, கிருமி மருந்தைத் தாங்கிப் பழகுவதற்கு மட்டும் போதுமானது. பழகிய கிருமி கொட்டகைக்குள் அடைந்து கிடப்பதில்லை. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் நேரடியாக இறந்ததாக லான்செட் இதழில் வெளியான ஆய்வு கணக்கிட்டது.

சுவீடன் 1986இலேயே வளர்ச்சி ஊக்கியாக ஆன்டிபயாடிக் கொடுப்பதை நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2006 ஜனவரி 1 முதல் அது தடையானது. இந்தியா 2019 ஜூலையில் கொலிஸ்டின் மருந்தை உணவுக்கான கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் தீவனச் சேர்க்கைகளுக்கும் தடை செய்தது. மனிதருக்கு வேறெந்த மருந்தும் பலிக்காதபோது கடைசியாகக் கொடுக்கப்படும் மருந்து அது. தடை சரியானதே. ஆனால் ஒரு மருந்தைத் தடுத்தால் இன்னொன்று அந்த இடத்துக்கு வரும். நலமான கோழிக்கு வளர்ச்சிக்காக எந்த ஆன்டிபயாடிக்கும் வேண்டாம் என்ற நிலைக்குப் பண்ணைகள் வந்தாக வேண்டும். ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரம் அதற்கு முன்னே நிற்க முடியும், நிற்கவும் வேண்டும்.

மாற்றாகச் சொல்லப்படுபவை தமிழ் வீடுகளுக்குப் புதியவை அல்ல. ஓமத்தில் உள்ள தைமால் பாக்டீரியாவின் செல் உறையைச் சிதைக்கிறது. பூண்டின் அல்லிசினுக்கும் கிருமியை அடக்கும் குணம் உண்டு. மஞ்சளின் குர்குமின் குடல் அழற்சியைத் தணிக்கிறது. இவற்றின் காரமும் மணமும் செரிமான நீர்களைத் தூண்டுவதால் அதே தீவனத்தில் கூடுதல் எடை கிடைக்க வாய்ப்புண்டு. கோழி வளர்ப்புச் செலவில் ஏறத்தாழ எழுபது சதவீதம் தீவனத்துக்கே போகிறது. தீவனத்தை எடையாக மாற்றும் திறனில் வரும் சிறு முன்னேற்றமும் பணமாகும்.

ஆனால் மூலிகை என்ற பெயர் மட்டும் போதாது. ஒரே மஞ்சள், விளைந்த மண்ணுக்கும் காய வைத்த முறைக்கும் ஏற்ப வேறு வேறு அளவில் குர்குமின் கொண்டிருக்கும். குருணையாக்கும் ஆலையின் நீராவிச் சூட்டில் ஓம எண்ணெய் ஆவியாகிப் போகும். வேப்பிலை அளவு மீறினால் கசப்பில் கோழி இரை எடுப்பது குறையும். மஞ்சள் தூளில் நிறத்துக்காக ஈய குரோமேட் கலக்கும் மோசடியும் உண்டு. அது தீவனத்துக்குள் வந்தால் ஆன்டிபயாடிக்கை விலக்கி ஈயத்தைக் கூட்டிய கதையாகிவிடும். ஆகவே மூட்டையில் மூலிகைப் படம் அச்சிட்டிருப்பதை நம்பாமல், உள்ளே இருக்கும் வேதிப்பொருளின் அளவைச் சோதித்தே வாங்க வேண்டும்.

பாட்டி வைத்தியத்தை அளவுக்குள் கொண்டுவருவது நடக்காத காரியமல்ல. தஞ்சாவூரில் கால்நடைப் பல்கலைக்கழக ஆய்வு மையத்தில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி கிராமத்து மருந்துகளைத் திரட்டி, கிராம் கணக்கில் வரையறுத்தார். மாட்டின் மடிநோய்க்கு 250 கிராம் சோற்றுக்கற்றாழை, 50 கிராம் மஞ்சள், சிறிது சுண்ணாம்பு என்ற கலவையைத் தேசியப் பால்வள வாரியம் நாடெங்கும் எடுத்துச் சென்றது. அளவு எழுதப்பட்டதால்தான் அது பரவியது. கோழித் தீவனத்திலும் அதே ஒழுங்கு தேவை.

தீவனத்தைப் பற்றி முடிவெடுப்பவர் யார் என்பதே ஓசூர் வட்டாரத்தில் மூலக் கேள்வி. தேன்கனிக்கோட்டையிலோ பர்கூரிலோ கொட்டகை போட்ட ஒப்பந்த விவசாயிக்குக் குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனி வண்டியில் வந்து இறங்குகின்றன. அவருடையவை இடமும் உழைப்பும். கிடைப்பது கிலோவுக்கு இவ்வளவு என்ற வளர்ப்புக் கூலி. மூட்டைக்குள் என்ன கலந்திருக்கிறது என்பது பல வேளைகளில் அவருக்கே தெரியாது. அவருக்கு விழிப்புணர்வு முகாம் நடத்துவதால் தீவனம் மாறிவிடாது. பொறுப்பு ஒப்பந்தக் கம்பெனிகளுடையது. மூலிகைக்கு மாறும் முதல் சில பேட்ச்களில் எடை குறைந்தாலும் அதை விவசாயியின் கூலியில் கழிக்கக் கூடாது.

ஓசூரின் குளிரையும் கணக்கில் எடுக்க வேண்டும். மார்கழியில் தளி, அஞ்செட்டிப் பக்கம் கொட்டகைப் படுதாக்களை இறக்கியே வைக்கிறார்கள். காற்றோட்டம் குறைந்து, கூளம் ஈரமாகி, அம்மோனியா நெடி கண்ணைக் கரிக்கும்; சளி நோயும் கழிச்சலும் அங்கேதான் தொடங்குகின்றன. ஈரக் கூளத்தைக் கிளறி உலர்த்தாத கொட்டகையில் எந்த மூலிகையும் முழுப் பலன் தராது. நோய் வந்தால் கால்நடை மருத்துவர் பார்த்துத் தரும் ஆன்டிபயாடிக் தேவையே; அதை யாரும் மறுக்க வேண்டியதில்லை. அதே கூளம்தான் பின்பு எருவாகித் தக்காளிக் கொல்லைக்கும் ரோஜாத் தோட்டத்துக்கும் போகிறது. மருந்து மிச்சமும் மருந்துக்குப் பழகிய கிருமியும் அதோடு மண்ணில் இறங்குகின்றன. கறிக்கோழி சாப்பிடாதவருக்கும் இதில் அக்கறை இருக்க வேண்டிய காரணம் இது.

இந்த மாற்றத்துக்கு வேண்டியவை பெரும்பாலும் அருகிலேயே இருக்கின்றன. மத்திகிரியில் கோழியின உற்பத்தி மற்றும் மேலாண்மைக் கல்லூரி இருக்கிறது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. மூலிகைக் கால்நடை மருந்து செய்யும் தொழிற்சாலை பெங்களூரு–ஓசூர் சாலையிலேயே வீரசந்திராவில் இயங்குகிறது. வட்டாரத்து வயல்களில் விளையும் செண்டுமல்லியின் நிறமி முட்டை மஞ்சள் கருவுக்கு நிறம் கூட்டத் தீவனத்தில் சேர்க்கப்படும் பொருள்தான்.

சோதனையைக் கல்லூரிப் பண்ணையோடு நிறுத்தாமல், ஒப்பந்தக் கொட்டகைகளில் குளிரிலும் கோடையிலும் நடத்தி முடிவுகளைத் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் வெளியிட வேண்டும். தீவன மூட்டை ஒவ்வொன்றிலும் ஆன்டிபயாடிக் உண்டா இல்லையா, மூலிகைச் சேர்க்கையின் மூலப்பொருள் எவ்வளவு என்று அச்சிடுவது கட்டாயமாக வேண்டும். மாநில எல்லையான ஜூஜுவாடியைத் தாண்டித் தீவனமும் குஞ்சும் கோழியும் இரு பக்கமும் போய்வருவதால், ஒரு மாநிலம் மட்டும் விதித்தால் பலனில்லை. தமிழக, கர்நாடகக் கால்நடைத் துறைகள் கூடிப் பேசி ஒரே விதியை வெளியிட வேண்டும். தீவனம் அனுப்பும் கம்பெனிகள் அந்த ஆணைக்குக் காத்திராமல் இந்த ஆண்டே தொடங்க வேண்டும்.