கலாசாலை வாசலுக்கு முன்னே

என் தங்கை அமெரிக்காவில் நியூ ஜெர்ஸியில் குடித்தனம் செய்கிறாள். அவளுடைய மூத்த பெண் வருகிற செப்டம்பரில் பன்னிரண்டாம் வகுப்பில் அடியெடுத்து வைக்கப் போகிறாள். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை தொலைபேசியில் கூப்பிட்டாள். "அண்ணா, இருபது வருஷமாய்ப் பிள்ளைகளைப் பரீட்சைக்குத் தயார் செய்கிறவர் நீங்கள். இங்கே கலாசாலைக்கு விண்ணப்பம் போடுவதே ஒரு பரீட்சையாக இருக்கிறது. தலை எது, வால் எது என்றே தெரியவில்லை!" என்று முறையிட்டாள்.

கடல் கடந்து மக்களையும் பேரக் குழந்தைகளையும் வைத்திருக்கும் நேயர்கள் பலர் இருப்பார்கள். ஆகவே, நான் அவளுக்கு எழுதிய பதிலின் சாரத்தை இங்கே தருகிறேன்.

நம் ஊரில் மார்க்குப் பட்டியல் கைக்கு வந்த பிறகுதான் ஓட்டம் பிடிப்போம். அங்கேயோ கடைசி வகுப்பு பாதி நடக்கும்போதே விண்ணப்ப வேலை அநேகமாய் முடிந்துவிட வேண்டும். 'காமன் அப்ளிகேஷன்' என்று ஒரு பொது விண்ணப்பம் உண்டு. 1975-ல் 15 கலாசாலைகள் கூடி ஆரம்பித்த ஏற்பாடு அது; இன்று ஆயிரத்துக்கு மேற்பட்ட கலாசாலைகள் அதை ஏற்கின்றன. ஆகஸ்டு 1-ந் தேதி புது வருஷத்து விண்ணப்பம் திறக்கும். 650 வார்த்தைகளுக்கு மிகாமல் மாணவர் தம்மைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டும். ஆகவே கோடை விடுமுறையிலேயே கட்டுரையின் முதற் பிரதி தயாராகிவிடுவது உத்தமம். தகப்பனார் திருத்தலாம், எழுதிக் கொடுக்கக் கூடாது. நாற்பத்தைந்து வயதுக்காரரின் நடை கட்டுரையில் தலை காட்டினால், படிக்கிறவர்களுக்கு அது தெரியாமல் போகாது.

சிபாரிசுக் கடிதத்துக்கு உபாத்தியாயர்களைப் பதினோராம் வகுப்பு முடியும் முன்பே கேட்டுவிட வேண்டும். நானும் ஓர் உபாத்தியாயன் என்ற முறையில் சொல்கிறேன்: கடைசி வாரத்தில் முப்பது பேர் வந்து நின்றால் முப்பது கடிதமும் ஒரே கடிதமாகத்தான் இருக்கும்.

'ஸாட்' பரீட்சை விஷயத்தில் வதந்தியை நம்பக் கூடாது. 2020-ல் தொற்று நோய் பரவியபோது பல கலாசாலைகள் அது கட்டாயமில்லை என்றன. எம்.ஐ.டி. 2022-ல் மறுபடியும் கட்டாயமாக்கியது. கலிபோர்னியா சர்வகலாசாலையோ அந்த மார்க்கைச் சேர்க்கைக்குப் பார்ப்பதே இல்லை. எனவே ஒவ்வொரு கலாசாலையின் விதியையும் தனித்தனியே பார்த்துக் குறித்துக் கொள்வது அவசியம்.

இனி மிகவும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய இடம். நவம்பர் முதல் தேதியையொட்டி 'எர்லி டெஸிஷன்' என்ற முன்கூட்டிய விண்ணப்பம் முடிகிறது. ஒரே ஒரு கலாசாலைக்குத்தான் அப்படிப் போடலாம். இடம் கொடுத்தால் சேர்ந்தே தீருவேன் என்று மாணவரும் பெற்றோரும் கையெழுத்திட வேண்டும். டிசம்பர் நடுவில் பதில் வரும். கொடுக்கும் உதவித் தொகை போதாவிட்டால் விலகிக் கொள்ள வழி உண்டு. ஆனால் நாலு கலாசாலைகள் என்ன தருகின்றன என்று ஒப்பிட்டுப் பார்க்கும் சௌகரியம் போய்விடும். 'எர்லி ஆக்‌ஷன்' என்பது வேறு. அதில் இந்தக் கட்டு இல்லை. சாதாரண விண்ணப்பங்கள் பெரும்பாலும் ஜனவரி ஆரம்பத்தில் முடிகின்றன. மார்ச்சுக் கடைசிக்குள் பதில் வரும். மே 1-ந் தேதிக்குள் நாம் முடிவு சொல்ல வேண்டும்.

என் மருமகள் பிடிவாதமாய் விரும்பியது அதிகச் சம்பளம் வாங்கும் ஒரு தனியார் கலாசாலை. அதற்கு முன்கூட்டியே கையெழுத்திட வேண்டும் என்றாள். என் மைத்துனர் எச்-1பி அனுமதியில் வேலை பார்க்கிறவர். 'ஃபாஃப்ஸா' என்ற படிவத்தின் வழியாக மத்திய சர்க்கார் தரும் உதவி, பிரஜைகளுக்கும் நிரந்தரக் குடியுரிமை பெற்றவர்களுக்கும்தான் பொதுவாக உண்டு. எச்-4 பிள்ளைகளுக்கு இல்லை. இந்த விவரம் அப்பாவுக்குத் தெரியும், பெண்ணுக்குத் தெரியாது.

தங்கையிடமிருந்து தொலைபேசியை வாங்கி அவள் சொன்னாள்: "மாமா, பணத்தைப் பற்றி அப்பா என்னிடம் பேசியதே இல்லை. நீ படி, நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார்."

இது நம் தகப்பன்மார்களின் பரம்பரை வசனம். அன்பினால் சொல்வதுதான். ஆனால் பதினேழு வயதுப் பெண்ணிடம் கையெழுத்தைக் கேட்டுவிட்டு, கணக்கை மட்டும் மறைப்பது நியாயமா?

மைத்துனருக்கு நான் எழுதியது இதுதான்: "ஒரு நாள் சாயங்காலம் மூவரும் ஒன்றாய் உட்காருங்கள். வருஷத்துக்கு எவ்வளவு தர முடியும் என்று ஒரு தொகையைப் பெண்ணிடம் சொல்லுங்கள். செலவை மதிப்பிடும் கணக்குப் பொறி ஒன்றை ஒவ்வொரு கலாசாலையும் தன் வலைத்தளத்தில் வைத்திருக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் பிரஜைகளை உத்தேசித்தது. ஆகையால் உதவிப் பிரிவுக்கு நேரில் எழுதிக் கேளுங்கள். மாகாண சர்வகலாசாலைகளில் உள்ளூர்வாசிகளுக்குக் கட்டணம் குறைவு. உங்கள் பெண்ணுக்கு அது கிடைக்குமா என்றும் விசாரியுங்கள்."

பத்து நாள் கழித்து மைத்துனர் கூப்பிட்டார். "பட்டியலில் ஒரு பேரை அடித்துவிட்டு இரண்டு பேரைச் சேர்த்திருக்கிறோம்," என்றார்.

"அடித்தது யார்?" என்று கேட்டேன்.

"அவளேதான். அடித்துவிட்டு, 'இதை முன்னமேயே சொல்லியிருக்கலாமே, அப்பா!' என்றாள்."