பாழடைந்த கோட்டையும் உலோகம் காட்டும் கருவியும்



ஊருக்கு வெளியே முட்புதர் மண்டிக் கிடக்கும் இடிந்த சுவரையோ, பழஞ்செங்கற்கள் சிதறிக் கிடக்கும் மண்மேட்டையோ உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பகலில் அங்கே ஆடு மேயும். இரவில் அந்தப் பக்கம் யாரும் போகமாட்டார்கள். "அடியிலே ஏழு கொப்பரை தங்கம் இருக்குது" என்று ஊர்ப் பெரியவர் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்லியிருப்பார்.

பத்தாம் வகுப்பில் படிக்கும் மாணவர் ஒருவர் அண்மையில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அவருடைய ஊரிலும் அப்படி ஓர் இடிபாடு உள்ளது. பெயர்ப்பலகை இல்லை, காவலாளி இல்லை, அது எந்த அரசன் காலத்தது என்பதும் யாருக்கும் தெரியாது. "மெட்டல் டிடெக்டர் ஒன்று வாங்கி அங்கே தேடிப் பார்க்க விரும்புகிறேன். யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?" என்பதுதான் கேள்வி.

அனுமதி வாங்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே பெரிய விஷயம். பெரியவர்கள் பலருக்கு அது தோன்றுவதில்லை. ஆயினும் நான் அவருக்குச் சொன்ன பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. கருவி நல்லது, ஆசையும் நல்லது, தேர்ந்தெடுத்த இடம்தான் தவறு என்றேன். மறக்கப்பட்ட இடிபாட்டில் இந்தக் கருவியைத் தனி ஆள் எவரும் இயக்கக்கூடாது என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் கருவியைப் பார்ப்போம். நீண்ட கைப்பிடியின் நுனியில் வட்டமான தட்டு ஒன்று இருக்கும். அதனுள் செம்புக் கம்பிச் சுருள். வினாடிக்குப் பல ஆயிரம் முறை திசை மாறும் மின்னோட்டத்தை அச்சுருளில் செலுத்தினால், அதைச் சுற்றி மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம் உண்டாகிறது. அந்தப் புலம் மண்ணுக்குள் இறங்கி ஓர் உலோகத் துண்டைத் தொட்டதும், அத்துண்டில் சுழல் மின்னோட்டங்கள் தூண்டப்படுகின்றன. பாரடேயின் தூண்டல் விதியை நீங்கள் படித்திருப்பீர்கள், அதேதான். இச்சுழல் மின்னோட்டங்கள் தமக்கென ஒரு சிறு காந்தப்புலத்தை உண்டாக்குகின்றன. மேலே உள்ள மற்றொரு சுருள் அதை உணர்ந்துகொள்கிறது. காதில் மாட்டிய ஒலிப்பானில் 'கீ' என்று கேட்கிறது. சாதாரணக் கருவியால் ஒரு நாணயத்தை ஏறக்குறைய ஒரு சாண் முதல் ஓர் அடி ஆழம் வரை கண்டுபிடிக்க முடியும்.

டெலிபோன் புகழ் அலெக்சாண்டர் கிரஹாம் பெல் 1881-இல் இத்தகைய கருவி ஒன்றைச் செய்தார். புதையலுக்காக அல்ல, துப்பாக்கியால் சுடப்பட்டுக் கிடந்த அமெரிக்க ஜனாதிபதி கார்பீல்டின் உடலில் குண்டு எங்கே தங்கியிருக்கிறது என்று பார்ப்பதற்காக! முயற்சி பலிக்கவில்லை. படுக்கையில் இருந்த இரும்பு வில்சுருள்கள் கருவியைக் குழப்பின. போதாக்குறைக்கு, குண்டு வலப்பக்கத்தில்தான் இருக்கிறது என்று தலைமை மருத்துவர் சாதித்தபடியால் பெல் அந்தப் பக்கத்தை மட்டுமே தேட முடிந்தது. குண்டோ முதுகெலும்புக்கு இடப்புறத்தில் இருந்தது. பின்னர் இரண்டாம் உலகப் போரில், போலந்து நாட்டு அதிகாரி யூசெப் கொசாட்ஸ்கி உருவாக்கிய கருவி கண்ணிவெடிகளைத் தேட உதவிற்று. 1942-இல் எல் அலமெய்ன் போர்க்களத்தில் அது பயன்பட்டது. போருக்குப் பின்பே இக்கருவி பொழுதுபோக்காளர் கைக்கு வந்து சேர்ந்தது.

கருவி சொல்வது என்ன? "இங்கே உலோகம் இருக்கிறது" என்பதை மட்டும்தான். அது யார் போட்டது, எதன் மேல் கிடந்தது, எதன் கீழே கிடந்தது என்பதைச் சொல்லாது. ஆனால் வரலாறு முழுவதும் அந்த 'மேலே, கீழே, பக்கத்தில்' என்ற சொற்களில்தான் இருக்கிறது. மண் அடுக்கடுக்காகப் படிகிறது. கீழ் அடுக்கு பழையது, மேல் அடுக்கு பிந்தியது. நாணயம் கிடந்த அதே அடுக்கில் கரித்துண்டு ஒன்று இருந்தால் அதிலுள்ள கார்பன்-14-ஐக் கொண்டு காலத்தைக் கணிக்கலாம். நாணயத்தை மட்டும் பெயர்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால் அந்த அடுக்கு போயிற்று, கரித்துண்டும் போயிற்று. கையில் மிஞ்சுவது ஒரு வட்டமான உலோகத் துண்டு.

இங்கிலாந்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி எனக்கு மிகவும் பிடித்தமானது. சபோக் மாவட்டத்தில் ஹாக்ஸன் என்றொரு சிற்றூர். (ஆங்கிலத்தில் எழுதும்போது 'ஹாக்ஸ்னே' என்று படிக்கும்படி எழுதுவார்கள், அவர்கள் எழுத்துமுறையின் லட்சணம் அது.) 1992 நவம்பர் 16-ஆம் நாள் அங்கே ஒரு விவசாயி தம் சுத்தியலை வயலில் தொலைத்துவிட்டார். தேடித் தரும்படி நண்பர் எரிக் லாஸிடம் கேட்டார். லாஸ் ஓய்வுபெற்ற தோட்டக்காரர். சொந்தமாக உலோகம் காட்டும் கருவி வைத்திருந்தவர். சுத்தியலைத் தேடப் போனவருக்கு வெள்ளிக் கரண்டிகளும் பொன் நகைகளும் நாணயங்களும் அகப்பட்டன!

அப்போது அவர் என்ன செய்தார் என்பதே முக்கியம். சிறிதளவு எடுத்ததும் தோண்டுவதை நிறுத்தினார். உரியவர்களுக்குத் தகவல் கொடுத்தார். மறுநாளே தொல்லியலாளர்கள் வந்தார்கள். சில பகுதிகளை அவர்கள் மண்கட்டியோடு அப்படியே பெயர்த்தெடுத்து ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோய் நிதானமாகப் பிரித்தார்கள். ஏறத்தாழ 15,000 ரோமானிய நாணயங்கள். அவற்றுடன் நகைகளும் வெள்ளிப் பாத்திரங்களுமாக 200 பொருள்கள். பொருள்கள் கிடந்த நிலை குலையாததால், மட்கிப்போன ஒரு மரப்பெட்டிக்குள் அவை எப்படி அடுக்கப்பட்டிருந்தன என்பதைக்கூட அறிய முடிந்தது. நாணயங்களுள் மிகப் பிந்தியது கி.பி. 407, 408 ஆண்டுகளைச் சேர்ந்தது. ஆக, பிரிட்டனில் ரோமானிய ஆட்சி சரிந்துகொண்டிருந்த நாளில், பதறிய குடும்பமொன்று பெட்டியைப் பக்குவமாக அடுக்கிப் புதைத்துவிட்டுப் போயிருக்கிறது, திரும்பி வரவில்லை.

அந்தப் பெட்டியில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. வெள்ளியால் செய்த நான்கு மிளகுச் சிமிழ்கள் அதில் இருந்தன. மிளகு அக்காலத்தில் தென்னிந்திய மலைகளிலிருந்து கப்பலேறி ரோமாபுரிக்குப் போன சரக்கு. நம் மேற்கு மலைச் சரிவில் காய்த்த கொடி எங்கோ மூடுபனி நாட்டு உணவு மேசைக்கு விலையுயர்ந்த சிமிழில் போயிருக்கிறது!

லாஸுக்கு 17 லட்சத்து 50 ஆயிரம் பவுன் வெகுமதி கிடைத்தது. அதை அவர் விவசாயியுடன் பகிர்ந்துகொண்டார். சுத்தியலும் பின்னால் கிடைத்துவிட்டது; இப்போது அது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

இதற்கு நேர்மாறான கதை 2015-இல் ஹெரிபோர்ட்ஷயரில் நடந்தது. கருவியோடு போன இருவருக்கு ஆயிரம் ஆண்டுக்கும் முந்திய பொன்னணிகளும் சுமார் 300 நாணயங்களும் கிடைத்தன. அவர்கள் சட்டப்படி அறிவிக்கவில்லை. நில உரிமையாளரிடமும் சொல்லவில்லை. இரகசியமாக விற்கத் தொடங்கினார்கள். 2019-இல் சிறைத் தண்டனை கிடைத்தது. நாணயங்களில் மீண்டவை முப்பது சொச்சம்தான். அவற்றுள் சிலவற்றில் வெஸ்ஸெக்ஸ் அரசன் ஆல்பிரடும், மெர்சியா அரசன் சியோல்வுல்பும் அருகருகே அமர்ந்திருப்பது போன்ற உருவம் உள்ளது. வரலாற்றில் இருட்டடிக்கப்பட்டுவிட்ட இரண்டாமவன் ஆல்பிரடுக்குச் சமமான கூட்டாளியாக இருந்தான் என்பதற்கு அது சான்று. மிச்சம் 270 நாணயங்கள் இன்னும் என்ன சொல்லியிருக்கும்? தண்டனையைவிட இந்த இழப்புத்தான் என்னை உறுத்துகிறது.

கருவியே கூடாது என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் லிட்டில் பிக்ஹார்ன் என்ற இடத்தில் 1876-இல் கஸ்டர் என்ற தளபதியின் படையை லக்கோட்டா, செயேன் பழங்குடி வீரர்கள் முறியடித்தார்கள். கஸ்டருடன் நின்ற பிரிவில் ஒருவரும் பிழைக்கவில்லை. என்ன நடந்தது என்பது பற்றி நூறாண்டு காலம் வாதம் நடந்தது. 1983-இல் ஒரு தீ அந்தப் புல்வெளியை எரித்துத் தரையை வெறுமையாக்கியது. 1984, 1985 ஆண்டுகளில் தொல்லியலாளர்கள், கருவி இயக்கத் தெரிந்த பொழுதுபோக்காளர்களையே தொண்டர்களாக அழைத்து, வரிசையாக நடக்கவைத்தார்கள். ஒலி கேட்ட ஒவ்வோர் இடத்திலும் ஒரு சிறு கொடி! அளந்து வரைபடத்தில் குறித்த பிறகே பொருளை எடுத்தார்கள். தோட்டா உறைகளின் மேல் இருந்த அடையாளங்களைக் காவல்துறை நிபுணர்கள் போல ஒப்பிட்டு, ஒரே துப்பாக்கி களத்தில் எங்கெங்கே நகர்ந்தது என்று கண்டுபிடித்தார்கள். பழங்குடியினரிடம் அடுத்தடுத்துச் சுடும் துப்பாக்கிகள் பல இருந்தன என்பதும், அவர்கள் வாய்மொழியாகச் சொல்லிவந்தது பெரிதும் உண்மையே என்பதும் தெளிவாயின. அதே கருவிதான். கூட அளவுநாடாவும் வரைபடமும் இருந்தன, அவ்வளவே வேறுபாடு.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஹாக்ஸன் வயல் உழுத நிலம். ஆண்டுதோறும் கலப்பை புரட்டும் மேல்மண்ணில் அடுக்குகள் முன்பே கலைந்துவிட்டன; அங்கே கிடக்கும் நாணயத்தை எடுப்பதால் கெடுவது குறைவு. இடிந்து கைவிடப்பட்ட கோட்டையோ, கலப்பையே படாத இடம். சுவர் சரிந்த நாளிலிருந்து மண் அடுக்குகள் அப்படியே உறங்குகின்றன. அதனால்தான், 'யாரும் கவனிக்காத இடம்தானே' என்ற வாதத்தை நான் ஏற்பதில்லை. யாரும் தொடாமல் இருந்ததுதான் அந்த இடத்தின் மதிப்பு. இங்கிலாந்திலும்கூட, பாதுகாக்கப்பட்ட தொல்லிடத்தில் எழுத்து மூலமான ஒப்புதல் இன்றிக் கருவியை இயக்குவது 1979-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமே.

நம் நாட்டு நிலைமை என்ன? மண்ணில் புதைந்து கிடந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எந்தப் பொருள் கிடைத்தாலும் கலெக்டருக்கு அறிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் கூறுகிறது. பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களில் உரிமம் பெறாத எவரும் அகழக்கூடாது என்கிறது 1958-ஆம் ஆண்டுச் சட்டம். தமிழ்நாட்டுக்கென 1966-ஆம் ஆண்டுச் சட்டமும் உண்டு. பெயர்ப்பலகை இல்லாத இடிபாடானாலும் நிலம் யாருக்கோ சொந்தம். பெரும்பாலும் அது அரசுப் புறம்போக்காக இருக்கும். அகழாய்வு உரிமம் ஆராய்ச்சி நிறுவனங்களுக்குத்தான் கிடைக்குமே தவிர, பத்தாம் வகுப்பு மாணவருக்குக் கிடைக்காது.

இதைச் சொன்னபோது அந்த மாணவர் கோபத்தோடு கேட்டார்: "வீடு கட்டுகிறவன் கோட்டைச் செங்கல்லை வண்டி வண்டியாய் ஏற்றிப் போகிறான். பொக்லைன் வந்து மேட்டைக் கரைக்கிறது. அவர்களுக்கெல்லாம் சட்டம் இல்லையா? நான் மட்டும் தொடக்கூடாதா?"

கோபம் நியாயமானது. சரியான பதிலும் என்னிடம் இல்லை. 'தொடாதே' என்று சொல்லும் சட்டத்தோடு, 'வா, சொல்' என்று வரவேற்கும் ஏற்பாடும் இருக்க வேண்டும். இங்கிலாந்தில் 1997 முதல் அப்படி ஒன்று இருக்கிறது: யார் எதைக் கண்டெடுத்தாலும் அருகிலுள்ள அலுவலரிடம் காட்டலாம், அவர் பதிவுசெய்து, பெரும்பாலும் பொருளைத் திருப்பியே கொடுத்துவிடுவார். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் இவ்வாறு பதிவாகியுள்ளன. நம் மாவட்டந்தோறும் அத்தகைய ஓர் அலுவலர் ஏன் இருக்கக்கூடாது? அகழாய்வு நடக்குமிடங்களில் கருவியோடு நடக்கவும், அளந்து குறிக்கவும் உயர்நிலைப்பள்ளி மாணவர்களை ஏன் பழக்கக்கூடாது? அதைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு, கேளுங்கள்.

கருவி கையில் இல்லையே என்று வருந்தவும் வேண்டாம். மயிலாடுதுறைக்கு அருகே செம்பியன்கண்டியூரில் 2006-இல் ஒரு பள்ளி ஆசிரியர் வீட்டுத் தோட்டத்தில் குழி தோண்டினார். கிடைத்தது ஒரு கற்கோடரி. அதைத் தூக்கி எறியாமல் தொல்லியல் துறை நண்பரிடம் கொடுத்தார். அதில் சிந்துவெளி எழுத்துகளை ஒத்த குறிகள் இருந்தன. அறிஞர்களிடையே பெரிய விவாதமே எழுந்தது. அது கல். எவ்வளவு விலையுயர்ந்த கருவியும் அதன் மேல் மௌனமாகத்தான் கடந்து போயிருக்கும். பெயர் கீறிய பானை ஓடும், சுடுமண் பொம்மையும், கருகிய நெல்லும் அப்படியே.

ஆகவே அந்த மாணவரிடம், தோண்ட அனுமதி கேட்காமல், உங்கள் ஊர் இடிபாட்டைப் பற்றித் தெரிவித்து ஒரு கடிதம் எழுதுங்கள் என்றேன். வரலாற்று ஆசிரியரையும் சேர்த்துக்கொண்டு தாசில்தாருக்கு ஒன்று, மாவட்ட அருங்காட்சியகக் காப்பாளருக்கு ஒன்று, மாநிலத் தொல்லியல் துறைக்கு ஒன்று. கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு நிலத்தின் சர்வே எண்ணை எழுதுங்கள். சுவரின் நீளத்தையும், செங்கல்லின் நீள அகல உயரத்தையும் சென்டிமீட்டரில் குறிப்பிடுங்கள்; செங்கல்லின் அளவே காலத்தைப் பற்றிச் சில சமயம் துப்புத் தரும். படம் எடுக்கும்போது பக்கத்தில் ஓர் அடிக்கோலை வையுங்கள். மேற்பரப்பில் கிடப்பவற்றை எடுக்காமல், கிடக்கும் இடத்தை மட்டும் வரைபடத்தில் புள்ளியிடுங்கள். கடிதத்தின் நகல் ஒன்றைத் தேதியிட்டு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதம் பொறுத்துப் பதில் இல்லையென்றால் அந்த நகலை இணைத்து மறுபடியும் எழுதுங்கள்.

அவர் முதல் கடிதத்தை எழுதிவிட்டார். செங்கல் 28 சென்டிமீட்டர் நீளமாம், பதிலுக்குக் காத்திருக்கிறார்.