போலீஸ் கூட்டிவரும் நோயாளி: நல்வாழ்வுத் துறை அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் மாண்புமிகு மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்களுக்கு,



காவல் நிலையச் சித்திரவதை பற்றி எழுதப்படும் மடல்கள் முதலமைச்சருக்கோ உள்துறைச் செயலாளருக்கோ டி.ஜி.பி.க்கோ போவதுதான் வழக்கம். இது உங்களுக்கு வருவதற்குக் காரணம் இருக்கிறது. கைதான ஒருவரைக் காவல் நிலையத்துக்கு வெளியே பெரும்பாலும் முதலில் பார்ப்பவர் மாஜிஸ்திரேட்டும் அல்ல, வழக்கறிஞரும் அல்ல, பெற்றவர்களும் அல்ல. உங்கள் துறையின் மருத்துவமனையில் அன்று பணியில் இருக்கும் மருத்துவர்தான். ரிமாண்டுக்கு முன் அவரிடம் காட்டியாக வேண்டும். சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்ப்பதா, காவலர் நீட்டும் மெமோவில் கையெழுத்து மட்டும் போடுவதா என்பது அவர் கையில் இருக்கிறது.

2020 ஜூன் 20 அன்று சாத்தான்குளம் அரசு மருத்துவமனைக்கு அப்படித்தான் ஒரு தந்தையும் மகனும் கூட்டிவரப்பட்டார்கள். ஊரடங்கு நேரம் கடந்தும் செல்போன் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்பது புகார். அதற்கு முந்தைய இரவு அவர்கள் காவல் நிலையத்தில் அடிபட்டிருந்தார்கள். நிலையத்தின் சுவரிலும் லத்தியிலும் இருந்தது அவர்களுடைய ரத்தம்தான் என்பது பின்னால் சி.பி.ஐ. விசாரணையின்போது மரபணுச் சோதனையில் தெரிந்தது. சிந்திய ரத்தத்தை அவர்களையே துடைக்கவைத்தார்கள் என்கிறது குற்றப்பத்திரிகை. அந்த நிலையில் வந்த இருவருக்கும் சிறைக்கு அனுப்பத் தகுதி உண்டு என்ற சான்று கிடைத்தது. ரிமாண்டும் ஆனது. கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கோவில்பட்டி கிளைச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். ஜூன் 22 இரவு மகன் இறந்தார். மறுநாள் விடிவதற்குள் தந்தையும் போய்விட்டார்.

உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவின்பேரில் விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட், நிலையத்தின் சிசிடிவி பதிவுகளைக் கேட்டார். ஹார்டு டிஸ்க்கில் ஒரு டெராபைட் இடம் இருந்தது. ஆனால் அன்றன்றைய பதிவு தானாக அழியும்படி செட்டிங் வைக்கப்பட்டிருந்தது. அந்த இரவைக் காட்ட ஒரு நிமிடக் காட்சிகூட மிஞ்சவில்லை.

கேமராப் பதிவு அழிந்தாலும் உடம்பில் தடயம் இருக்கும். அதுவும் சில நாட்களுக்குத்தான். அந்தச் சில நாட்கள் உங்கள் மருத்துவர்களிடம் இருக்கின்றன.

2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில், நகைத் திருட்டுப் புகாரில் தனிப்படை விசாரித்த கோயில் காவலாளி ஒருவர் இறந்தார். உடற்கூறாய்வில் 44 காயங்கள் பதிவாயின. அந்த இளைஞர் உயிரோடு இருந்தபோது எண்ணப்பட்டிருக்க வேண்டிய காயங்கள் சவக்கிடங்கில் எண்ணப்பட்டன. சாகாமல் பிழைத்தவர்களின் காயங்களை யாரும் எண்ணுவதேயில்லை.

அமைச்சர் அவர்களே, நம் ஊரில் இதற்கு ஒரு வழக்கமான கதை இருக்கிறது. தேடப்பட்டவர் பிடிபட்ட மறுநாள் கையிலோ காலிலோ மாவுக்கட்டோடு படம் வெளியாகும். ‘பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்’, ‘தப்பியோடப் பாலத்திலிருந்து குதித்தார்’ என்று செய்தி வரும். பார்த்து ரசிக்கவும் மீம் போடவும் ஆட்கள் இருக்கிறார்கள். அந்த மாவுக்கட்டைப் போட்டது உங்கள் மருத்துவமனை. எக்ஸ்ரே எடுத்ததும் உங்கள் துறை. எந்தப் பக்கத்திலிருந்து விழுந்த அடியில் அந்த எலும்பு முறிந்தது என்று சொல்லக்கூடிய மருத்துவரும் அங்கேயே இருக்கிறார். விழுந்து முறிந்த கையும் அடித்து முறித்த கையும் பல நேரம் எக்ஸ்ரேயில் வேறுவேறாகத் தெரியும். கீழே விழுகிறவர் உள்ளங்கையை ஊன்றுவார். முறிவு மணிக்கட்டுப் பக்கம் வரும். தலைக்கு வரும் அடியைத் தடுக்கக் கையைத் தூக்கியவருக்கு முன்கையின் உட்புற எலும்பு நடுவில் முறியும். விபத்துப் பதிவேட்டில் இந்த ஒரு வரி சேர்ந்தால் வழுக்கி விழுந்த கதை கோர்ட்டில் நிற்காது.

லத்தியடி விழுந்த இடத்தில் நடுவில் வெளுப்பும் இருபுறமும் இரண்டு இணைகோடுகளுமாகக் கன்றிப்போகும். தடயவியல் மருத்துவர்கள் அதைத் தண்டவாளத் தடம் என்பார்கள். தரையில் விழுந்தவருக்கு அந்தத் தடம் வராது. உள்ளங்காலில் அடித்தால் வெளியே அதிகம் தெரியாது. காலை அழுத்திப் பார்த்து, நடக்கச் சொல்லிப் பார்த்தால்தான் புரியும். கையைப் பின்னால் கட்டித் தொங்கவிட்டிருந்தால் தோள்பட்டை நரம்புகள் இழுபட்டுக் கை மரத்துப்போகும். சிலருக்குத் தோள்பட்டை எலும்பு முதுகிலிருந்து துருத்தி நிற்கும். தொடையிலும் பிட்டத்திலும் அடித்தால் எலும்பு முறியாமல், தோல் கிழியாமல்கூட உயிர் போகலாம். நசுங்கிய தசையிலிருந்து கசியும் புரதம் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்துவிடும். சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போகிறதா என்று கேட்பதும், ரத்தத்தில் தசைச் சிதைவைக் காட்டும் சிபிகே, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவுகளைப் பார்ப்பதும் எந்த மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் முடிகிற காரியம். அதைச் செய்தால் சாட்சியமும் கிடைக்கும், உயிரும் பிழைக்கும்.

இதற்கான சட்டம் இல்லாமல் இல்லை. டி.கே.பாசு வழக்கில் 1996-இலேயே, காவலில் இருப்பவரை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவர் பரிசோதிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 53-ஆம் பிரிவு, கைதானவரை மருத்துவ அதிகாரி பரிசோதித்துக் காயம், வன்முறைத் தடயம், அது ஏற்பட்டிருக்கக்கூடிய நேரம் ஆகியவற்றைப் பதிய வேண்டும் என்கிறது. அறிக்கையின் நகலைக் கைதானவரிடமோ அவர் சொல்லும் ஆளிடமோ மருத்துவர் கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. கைதாகிச் சிறை போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், எத்தனை பேர் கையில் அந்த நகல் இருக்கிறது என்று.

எப்படிப் பதிவது என்பதற்கு உலகம் ஒத்துக்கொண்ட கையேடும் இருக்கிறது. 15 நாடுகளைச் சேர்ந்த 75-க்கும் மேற்பட்ட மருத்துவர்களும் சட்ட வல்லுநர்களும் மனித உரிமைப் பணியாளர்களும் எழுதி, 1999-இல் ஐ.நா.விடம் அளித்த இஸ்தான்புல் நெறிமுறை அது. 2022-இல் திருத்திய பதிப்பும் வந்துவிட்டது. அது கேட்பவை எளியவை. பரிசோதனை அறையில் போலீஸ் இருக்கக் கூடாது. என்ன நடந்தது என்பதைப் பரிசோதிக்கப்படுபவர் வாயாலேயே சொல்லவிட்டுக் கேட்க வேண்டும். ஒவ்வொரு தடத்தையும் அளந்து உடல் வரைபடத்தில் குறிக்க வேண்டும். அளவுகோல் வைத்துப் படம் எடுக்க வேண்டும். தூக்கமின்மை, திகில், மீண்டும் மீண்டும் வரும் நினைவு போன்ற மனக் காயத்தையும் எழுத வேண்டும். கடைசியில், அவர் சொல்வதும் காயமும் எவ்வளவு பொருந்துகின்றன என்று மருத்துவர் ஐந்து நிலைகளில் ஒன்றைச் சொல்ல வேண்டும்: பொருந்தவில்லை, பொருந்துகிறது, மிகவும் பொருந்துகிறது, இத்தகைய காயத்தில் வழக்கமாகக் காணப்படும் தோற்றம், வேறு எதனாலும் ஏற்பட்டிருக்க முடியாது.

இந்தப் படிநிலைகள் ஒரு தமிழருக்கு எப்படிக் கைகொடுத்தன என்று பாருங்கள். இலங்கை அரசுப் படையினர் காவலில் வைத்துப் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சுட்டார்கள் என்று சொல்லி ஒருவர் பிரிட்டனில் தஞ்சம் கேட்டார். முதுகில் ஐந்து நீண்ட தழும்புகள், கையில் இரண்டு. அடைக்கலம் வாங்குவதற்காகத் தானே ஆள் வைத்துச் சுட்டுக்கொண்டிருக்கலாம் என்று தீர்ப்பாயம் சந்தேகப்பட்டது. பரிசோதித்த மருத்துவரோ ஒரு நுணுக்கத்தைக் கவனித்து எழுதியிருந்தார். முதுகுத் தழும்புகளின் ஓரங்கள் கோடு போட்டதுபோல் தெளிவாக இருந்தன; கைத் தழும்புகளின் ஓரங்கள் கலங்கியிருந்தன. கையில் சுட்டபோது அவர் நினைவோடு இருந்து துடித்து விலகியிருக்கிறார். முதுகில் சுட்டபோது நினைவிழந்து கிடந்திருக்கிறார். அவர் சொன்ன கதையும் அதுவே. காயம் மட்டுமல்ல, அது ஏற்பட்டதாகச் சொல்லப்படும் சூழலும் பொருந்துகிறதா என்று மருத்துவர் கருத்துச் சொல்லலாம் என 2019 மார்ச்சில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் இஸ்தான்புல் நெறிமுறையைச் சுட்டிக்காட்டியே தீர்ப்பளித்து, வழக்கை மறுபடி விசாரிக்கச் சொன்னது.

தழும்பின் ஓரத்தைப் படிக்கும் அந்தத் திறமை நம் மருத்துவர்களுக்கும் உண்டு. பெரும்பாலான மாவட்டங்களில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே தடயவியல் மருத்துவப் பேராசிரியர்கள் இருக்கிறார்கள். தாலுகா மருத்துவமனையின் இரவுப் பணி மருத்துவருக்கு இல்லாதது நேரமும் பாதுகாப்பும்தான். வெளியே நோயாளிகளின் வரிசை, பக்கத்தில் இன்ஸ்பெக்டர், கையில் ஏற்கெனவே நிரப்பிய மெமோ. உண்மையை எழுதினால் நாளை அதே ஊரில் அதே போலீஸோடு வேலை பார்க்க வேண்டும். கோர்ட்டுக்கும் அலைய வேண்டும். அவரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவருக்குப் பின்னால் துறை நிற்க வேண்டும்.

இந்தியா ஐ.நா.வின் சித்திரவதை எதிர்ப்பு உடன்படிக்கையில் 1997-இல் கையெழுத்திட்டது. இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. அதற்கான சட்டத்தை இயற்றச் சொல்லிச் சட்ட ஆணையம் 2017-இல் பரிந்துரைத்தும் காரியம் நகரவில்லை. அது டெல்லியின் வேலை. இங்கே கேட்பவற்றுக்கு டெல்லி வேண்டாம். உங்கள் துறையின் ஓர் அரசாணை போதும்.

கைதானவரைப் பரிசோதிக்க மாநிலம் முழுவதற்கும் உடல் வரைபடத்தோடு ஒரே படிவம் வரட்டும். காவலர் அறைக்கு வெளியே, பேச்சு காதில் விழாத தூரத்தில் நிற்க வேண்டும் என்று அதிலேயே அச்சிடப்படட்டும். படிவத்தின் நகல் ஒன்று கைதானவருக்கும், மூடிய உறையில் ஒன்று மாஜிஸ்திரேட்டுக்கும் போகட்டும். காயம் பலமாக இருந்தால் ‘அனுப்பலாம்’ என்று எழுதாமல் உள்நோயாளியாகச் சேர்க்கும் அதிகாரம் மருத்துவருக்கு உண்டு என்பதை அரசாணை தெளிவாகச் சொல்லட்டும். அம்பாசமுத்திரத்தில் காவலில் இருந்தவர்களின் பல்லைப் போலீஸார் பிடுங்கினார்கள் என்று 2023-இல் எழுந்த புகார்கள் உங்களுக்கு நினைவிருக்கும். தேவைப்பட்டால் பல் மருத்துவரையும் மனநல மருத்துவரையும் அழைக்க வழி இருக்கட்டும். மிரட்டல் வந்தால் பணி மருத்துவர் நேரடியாகப் பேச மருத்துவக் கல்லூரியில் 24 மணி நேரமும் ஒரு மூத்த தடயவியல் மருத்துவர் போனில் கிடைக்கட்டும்.

அரசாணைக்கு முன் இன்னொன்றையும் செய்யுங்கள். ஏதாவது ஒரு மாவட்டத்தின் அரசு மருத்துவமனைகளிலிருந்து, போலீஸ் கூட்டிவந்தவர்களின் கடந்த ஒரு மாதப் பதிவேடுகளை வரவழையுங்கள். அவற்றைக் கிளைச் சிறையில் சேர்க்கும்போது எழுதப்பட்ட காயக் குறிப்புகளோடு வைத்து ஒப்பிடச் சொல்லுங்கள். அந்த முடிவைச் சட்டமன்றத்தில் உங்கள் துறையின் மானியக் கோரிக்கை விவாதத்தன்று வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
அரசு மருத்துவமனைகளை நம்பியிருக்கும் குடிமக்களில் ஒருவர்