தீட்டுக்கு அக்காள் சொன்ன பதில்

செங்கோட்டை என்றதும் 1911இல் மணியாச்சியில் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் பெயர் வரும். ஊரில் அவருக்குச் சிலை இருக்கிறது. அவருக்கு வெகுகாலம் முன்பே இங்கே வாழ்ந்த ஆவுடையக்காளின் பெயரை என் வகுப்பில் கேட்டால், ஒரு கைகூட உயராது.

அக்காள் பால்ய விதவை. மூலையில் முடங்க விதிக்கப்பட்டவள், திருவிசைநல்லூர் ஸ்ரீதர வெங்கடேசரைக் குருவாகக் கொண்டு வேதாந்தம் பாடினாள். கும்மி, அம்மானை, பள்ளு என்று பெண்கள் வாயில் புழங்கிய வடிவங்களில் பாடினாள். அச்சேறும்வரை அந்தப் பாட்டுகளைக் காப்பாற்றியவை அக்ரஹாரத்துப் பெண்களின், அதிலும் கைம்பெண்களின், நாக்குகள்.

சாதியையும் எச்சிலையும் தீட்டையும் அவள் விசாரித்தாள். தீட்டில் உருவாகாத உடம்பு எது என்பதே அவள் வாதத்தின் சாரம்.

ஏறக்குறைய முந்நூறு ஆண்டு ஆகிறது. கார்த்திகை பிறந்தால் இன்றும் செங்கோட்டை வழியாக ஆரியங்காவுக்கும் சபரிமலைக்கும் வண்டிகள் போகின்றன. எல்லா வயதுப் பெண்களும் மலையேறலாம் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஏறப்போன பெண்களைக் கூட்டம் மறித்தது. தீட்டைக் கேள்வி கேட்பது மேல்நாட்டு இரவல் என்கிறார்கள். மலையடிவாரத்து விதவை எந்த மேல்நாட்டில் படித்தாள்?

அக்காள் குற்றால மலையில் மறைந்துவிட்டாள் என்று கதையை முடிக்கிறார்கள். வசதியான முடிவு. மறைந்தவளுக்குப் பாடத்திட்டத்தில் ஒரு பக்கம்கூட ஒதுக்க வேண்டாமே!

தோழியரே, தீட்டு என்று யாராவது உங்களை ஒதுங்கச் சொன்னால், செங்கோட்டைக்காரி ஒருத்தி இதற்கு எப்போதோ பதில் சொல்லிவிட்டாள் என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு உள்ளே போங்கள்.