ரியாத் மேடையும் நம்ம ஊர் முன்பணமும்

சின்னமனூர் பக்கத்தில் நாங்கள் நடத்தும் மாலைப் படிப்பு வட்டத்தில் போன வாரம் ஒருநாள் பாடமே நடக்கவில்லை. பன்னிரண்டாவது படிக்கும் ஒரு தம்பியின் செல்போனைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். ரியாத்தில் நடந்த ஒரு குத்துச்சண்டை ஓடிக்கொண்டிருந்தது. "ஒரு ராத்திரிக்கு எத்தன கோடி தெரியுமாக்கா?" என்றான். சவுதி அரசு ஏன் இதில் பணத்தைக் கொட்டுகிறது, அங்கே மனித உரிமை எந்த நிலைமையில் இருக்கிறது என்று நான் ஆரம்பித்ததுமே குறுக்கே விழுந்தான். "அடி வாங்குறவனுக்குக் காசு கிடைக்குதுல்ல? ஏழப்பட்டவன் கைக்குக் காசு வர்றப்ப மட்டும் எல்லாருக்கும் நியாயம் ஞாபகம் வந்துருதுக்கா."

அன்று எனக்குச் சரியான பதில் வரவில்லை. இந்தப் பதிவு அவனுக்காக.

முதலில், அவன் சொன்னதில் பாதி உண்மை. குத்துச்சண்டை உழைக்கும் மக்களின் விளையாட்டு. வடசென்னையில் அதை வளர்த்தவர்கள் துறைமுகத் தொழிலாளர்களும் மீனவர்களும் தலித் மக்களும்தான். அமெரிக்காவில் கறுப்பின மக்களும் குடியேறிகளும். அவர்கள் மேடைக்குச் சுத்தமான பணம் எப்போதும் வந்ததில்லை. 1974இல் கின்ஷாசாவில் முகமது அலியும் ஜார்ஜ் ஃபோர்மனும் மோதியபோது, ஆளுக்கு 50 லட்சம் டாலர் கொடுத்துப் போட்டியைத் தன் நாட்டுக்குக் கொண்டுவந்தவர் சர்வாதிகாரி மொபுட்டு. எனவே காசு வாங்கும் வீரனைப் பார்த்து விரல் நீட்டும் வேலை நமக்கு வேண்டாம்.

சவுதிப் பணம் சில நல்ல காரியங்களையும் செய்திருக்கிறது. புரமோட்டர்கள் ஆளுக்கொரு வீரரையும் ஆளுக்கொரு டிவி ஒப்பந்தத்தையும் வைத்துக்கொண்டு, பெரிய போட்டிகளை வருடக்கணக்கில் இழுத்தடித்தார்கள். பணம் வந்ததும் அந்தச் சுவர்கள் சரிந்தன. 2024 மே 18 அன்று ரியாத்தில் டைசன் ஃபியூரியை உக்ரைனின் உசிக் வென்றார். லெனாக்ஸ் லூயிசுக்குப் பிறகு, கிட்டத்தட்ட 25 ஆண்டுகள் கழித்து, ஹெவிவெயிட்டில் எல்லாப் பட்டங்களும் ஒரே ஆளிடம் சேர்ந்தன.

அப்படியானால் சிக்கல் எங்கே? பணம் போட்டியோடு நிற்கவில்லை. 2024 நவம்பரில், சவுதி பொழுதுபோக்கு ஆணையத்தின் தலைவர் துருக்கி அல்-ஷேக் 'தி ரிங்' இதழை வாங்கினார். 1922இல் தொடங்கிய இதழ் அது. வீரர்களைத் தரவரிசைப்படுத்துவதும், தன் பெயரில் பட்டம் கொடுப்பதும் அதன் வேலை. போட்டியை நடத்தும் கையும் அதை விமர்சிக்க வேண்டிய கையும் ஒன்றாகிவிட்டன.

அடுத்து, 2025 மார்ச்சில் யுஎஃப்சியின் தாய் நிறுவனமான டிகேஓ, சவுதி பொது முதலீட்டு நிதியத்துக்குச் சொந்தமான செலா நிறுவனத்தோடு சேர்ந்து புதிய குத்துச்சண்டை அமைப்பு ஒன்றை அறிவித்தது. வீரர்களின் சம்பளத்தை அமுக்கியதாகத் தொடரப்பட்ட வழக்கை 37.5 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது இந்த யுஎஃப்சிதான்.

அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டில் இருந்து முகமது அலி பெயரில் ஒரு சட்டம் இருக்கிறது. 1980இல் சென்னை நேரு ஸ்டேடியத்தில் கண்காட்சிப் போட்டி ஆடிவிட்டுப் போன அதே அலி. போட்டியில் எவ்வளவு வருமானம் வந்தது என்பதைப் புரமோட்டர் வீரரிடம் சொல்ல வேண்டும், புரமோட்டரே மேனேஜராகவும் இருக்கக் கூடாது என்கிறது அந்தச் சட்டம். இதைத் திருத்த 2025இல் ஒரு மசோதா வந்தது. டிகேஓ அதை ஆதரிக்கிறது. குறைந்தபட்சக் கூலி, மருத்துவக் காப்பீடு என்று நல்ல அம்சங்கள் அதில் உண்டு. ஆனால் போட்டி நடத்துவது, தரவரிசை போடுவது, பட்டம் கொடுப்பது எல்லாவற்றையும் ஒரே அமைப்பு செய்ய அது வழிவிடுகிறது.

இந்த இடத்தில்தான் எனக்கு நம்ம ஊர் ஞாபகம் வந்தது. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் முன்பணம் வாங்கிப் போன குடும்பங்களோடு வேலை செய்திருக்கிறேன். முன்பணம் கைக்கு வரும் நாள் அந்த வீட்டில் திருவிழா மாதிரி இருக்கும். மகள் கல்யாணம் நடக்கும், ஆஸ்பத்திரிக் கடன் அடையும். முதல் நாள் யாரும் கேட்காத கேள்விகள் மூன்றாவது மாதம் வரும். கணக்கு நோட்டு யார் கையில்? கூலியை முடிவு செய்வது யார்? பிடிக்காவிட்டால் வேறு சூளைக்குப் போக முடியுமா? மூன்றுக்கும் ஒரே ஆள்தான் பதில் என்றால், வாங்கிய தொகை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வாய் திறக்க முடியாது. 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது இதனால்தான்.

கோடிகளில் புரளும் ஃபியூரியைக் கொத்தடிமை என்று சொல்ல வரவில்லை. நான் பேசுவது அதே இரவில், முக்கியப் போட்டிக்கு முன்னால் நாலு சுற்று ஆடிவிட்டுப் போகும் பெயர் தெரியாத பையனைப் பற்றி. குத்துச்சண்டை வீரர்களுக்கு வலுவான சங்கம் எங்கேயும் இல்லை. அவனுக்கு இருந்த ஒரே பேரம், இந்த முதலாளி இல்லாவிட்டால் இன்னொருவர் என்பதுதான். எல்லாம் ஒரே கைக்குப் போனால் அதுவும் போய்விடும்.

அதே ரியாத்தில் கட்டட வேலை பார்க்கும் அண்ணன்மார் நம் பள்ளத்தாக்கிலும் உண்டு. 2034 உலகக்கோப்பைக் கால்பந்து சவுதிக்குப் போயிருக்கிறது, இன்னும் பலர் போவார்கள். அந்த நாட்டில் தொழிற்சங்கத்துக்கும் வேலைநிறுத்தத்துக்கும் அனுமதி கிடையாது. மேடையில் நிற்பவருக்கும் மேடையைக் கட்டுபவருக்கும் கடைசியில் படியளப்பது ஒரே அரசு. அந்த அரசை எதிர்த்துப் பேசினால் என்ன ஆகும்? 2022 ஆகஸ்ட் 20 அன்று ஜெத்தாவில், சவுதி மண்ணின் முதல் பெண்கள் தொழில்முறைக் குத்துச்சண்டையில் சோமாலியாவில் பிறந்த ரம்லா அலி வென்றார். உலகமே கைதட்டியது. அதே மாதம், ட்விட்டரில் எழுதியதற்காக சல்மா அல்-ஷெஹாப் என்ற ஆராய்ச்சி மாணவிக்கு அதே நாட்டு நீதிமன்றம் 34 ஆண்டு சிறை விதித்தது. பின்னர் தண்டனை குறைக்கப்பட்டு, 2025இல்தான் அவர் வெளியே வந்தார். படிக்கிற, எழுதுகிற பிள்ளைகள் நீங்கள். இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்தே படியுங்கள்.

உடனே ஒரு குரல் வரும்: "விளையாட்டில் அரசுப் பணமே கூடாது." நாம் அப்படிச் சொல்ல முடியாது. கல்வி உதவித்தொகை, ஆதிதிராவிடர் நல விடுதி, இடஒதுக்கீடு எல்லாம் அரசு வழியாக வந்தவை. நானே அந்த உதவித்தொகையில்தான் முதுகலை முடித்தேன். அதைக் கொடுத்தவர் வீட்டு வாசலில் போய் நான் நிற்கவில்லை. விதி இருந்தது, விண்ணப்பித்தேன். தாமதமானபோது கேள்வி கேட்டேன். கேட்டதற்காக யாரும் அதை நிறுத்தவில்லை. நம் துணைத்திட்ட நிதி வேறு வேலைகளுக்குத் திருப்பிவிடப்படுவதை எதிர்த்துப் பல ஆண்டுகள் போராடி, 2024இல் தமிழ்நாட்டில் அதற்கென்று ஒரு சட்டம் பெற்றோம். ஒரு மனிதரின் மனநிலையை நம்பி நிற்கும் பணத்தை, பட்டியல் போட்டுக் கேட்கக்கூடிய பணமாக மாற்றுவதுதான் அந்தப் போராட்டத்தின் சாரம்.

தம்பி, உன் கேள்விக்கு வருகிறேன். காசு வாங்குவதில் தப்பில்லை. நாளைக்கு நீயே கையுறை மாட்டி மேடை ஏறினாலும் முதல் ஆளாகக் கைதட்டுவேன். ஆனால் காசு நீட்டுகிறவரிடம் மூன்று கேள்வி கேள். கணக்கை எனக்குக் காட்டுவாயா? முடியாது என்று நான் சொன்னால் வேறு இடத்துக்குப் போக விடுவாயா? உன்னைப் பற்றி நான் வெளியே பேசலாமா? மூன்றுக்கும் "ஆமா" என்று பதில் வந்தால் வாங்கிக்கொள். வராவிட்டால், அது எத்தனை கோடியாக இருந்தாலும் சூளை முதலாளி நீட்டும் முன்பணம்தான்.

அடுத்த வாரம் பாடத்துக்கு முன்னால் அந்தச் சண்டையை எல்லோரும் சேர்ந்து பார்ப்போம். பார்த்துவிட்டுப் பேசுவோம்.