‘தனிநபர் தகவல், தர இயலாது’: ஒரு வரித் திருத்தம் ஆர்.டி.ஐ. மனுவை எப்படி மாற்றியது?

திண்டுக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை என்றாலே கூட்டம்தான். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, தொகுப்பு வீடு, குடிநீர் என்று ஆளுக்கொரு மனுவோடு வேடசந்தூர், நத்தம், நிலக்கோட்டை பக்கமிருந்து பஸ் ஏறி வருகிறார்கள். மனு கொடுத்தும் வேலை நடக்கவில்லை என்றால் பக்கத்தில் நிற்பவர் சொல்லும் யோசனை ஒன்றுதான்: “ஒரு ஆர்.டி.ஐ. போட்டுப் பாருங்க.”

10 ரூபாய்க்கு ஒரு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், ஒரு வெள்ளைத்தாள். 30 நாளில் அரசு அலுவலகம் பதில் சொல்லியாக வேண்டும். 2005 அக்டோபர் 12 முதல் சாதாரண மக்கள் கையில் இருக்கும் கருவி இது. அதன் கூர்மை 2025 நவம்பர் 14 முதல் மழுங்கியிருக்கிறது. அன்று ஒன்றிய அரசு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகளை வெளியிட்டது. மொபைல் ஆப்கள் நம் தரவை எப்படிக் கையாள வேண்டும் என்பதுதான் பெரும் செய்தியானது. அதோடு சேர்ந்து நடைமுறைக்கு வந்த இன்னொரு மாற்றத்தைப் பலர் கவனிக்கவில்லை.

என்ன மாறியது?

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் பிரிவு 8(1), எந்தெந்தத் தகவல்களைத் தர மறுக்கலாம் என்று பட்டியல் போடுகிறது. அதில் ‘ஜே’ என்ற உட்பிரிவு தனிநபர் தகவல் பற்றியது.

பழைய விதி இரண்டு சந்தர்ப்பங்களில்தான் மறுக்கச் சொன்னது. ஒன்று, கேட்கப்படும் தகவலுக்கும் பொதுப் பணிக்கும் பொதுநலனுக்கும் தொடர்பே இருக்கக் கூடாது. அல்லது, வெளியிட்டால் ஒருவரின் அந்தரங்கத்தில் தேவையின்றித் தலையிடுவதாக இருக்க வேண்டும். அப்போதும் பெரிய பொதுநலன் இருப்பதாகப் பொதுத் தகவல் அலுவலருக்குத் தோன்றினால் கொடுக்கலாம். கூடவே, நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்று ஒரு வரி இருந்தது. எம்.எல்.ஏ.வுக்குக் கிடைப்பது அவருக்கு ஓட்டுப் போட்டவருக்கும் கிடைக்கும் என்பது அதன் பொருள்.

2023-ல் நிறைவேறிய தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 44(3) இவை அனைத்தையும் நீக்கிவிட்டது. இப்போது அந்த உட்பிரிவில் இருப்பது ‘தனிநபர் தகவல் தொடர்பான தகவல்’ என்பது மட்டும்தான். நிபந்தனையும் இல்லை, எடைபோட்டுப் பார்க்கும் கடமையும் இல்லை.

களத்தில் என்ன வித்தியாசம்?

ஒரு உதாரணம். கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் தரப்படுகிறது. திண்டுக்கல் ஒன்றியத்தில் ஒரு கிராமத்தில் கூரை வீட்டில் இருப்பவருக்கு வீடு வரவில்லை. ஏற்கெனவே மாடி வீடு இருப்பவர் பெயர் பட்டியலில் இருப்பதாக ஊரில் பேச்சு என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பேச்சு உண்மையா, வதந்தியா என்று தெரிய பட்டியலைப் பார்க்க வேண்டும். பட்டியலில் இருப்பது பெயர். பெயர் என்பது தனிநபர் தகவல். “தர இயலாது” என்று ஒரே வரியில் பதில் எழுத இப்போது வழி இருக்கிறது.

ரேஷன் கடை இருப்பு, சாலை ஒப்பந்தம், பள்ளியில் நிரப்பாத ஆசிரியர் பணியிடம், குவாரி உரிமம் என எதை எடுத்தாலும் எங்காவது ஒரு மனிதரின் பெயர் வரும். கையெழுத்துப் போட்ட பொறியாளர், பில் வாங்கிய ஒப்பந்ததாரர், உரிமம் பெற்றவர். பெயரை எடுத்துவிட்டால் முறைகேடு நடந்தது தெரியும், யார் செய்தது என்பது தெரியாது.

பெயர்ப் பட்டியல் எவ்வளவு முக்கியம் என்பதைத் தமிழ்நாடு 2020-ல் பார்த்தது. பி.எம். கிசான் திட்டத்தில் விவசாயிகளே அல்லாத லட்சக்கணக்கானோர் சேர்க்கப்பட்டு, 100 கோடி ரூபாய்க்கு மேல் அவர்கள் கணக்குக்குப் போனது. அந்த ஊழலின் உடம்பே ஒரு பெயர்ப் பட்டியல்தான். பட்டியல் ஊர்ச் சாவடியில் ஒட்டப்பட்டிருந்தால், ‘இவருக்கு ஏது நிலம்?’ என்று டீக்கடையிலேயே கேள்வி வந்திருக்கும்.

அரசு சொல்லும் காரணம்

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-ல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. அதற்கேற்பவே திருத்தம் என்கிறது ஒன்றிய அரசு. பிரிவு 8(2) அப்படியே இருப்பதால் பொதுநலன் அதிகம் என்றால் இப்போதும் தகவல் தரலாம் என்பதும் அதன் வாதம்.

அந்தரங்கம் பற்றிய கவலை நியாயமானதே. பக்கத்து வீட்டுக்காரரின் ஆதார் எண், வங்கிக் கணக்கு, மருத்துவ விவரம் ஆகியவை மனுப் போட்ட எவருக்கும் கிடைக்கக் கூடாது. ஆனால் பழைய விதியே இவற்றைக் காத்தது. ஒரு அரசு ஊழியருக்குக் கொடுக்கப்பட்ட மெமோ, அவரது சொத்து விவரம் போன்றவைகூடப் பெரிய பொதுநலன் இல்லையென்றால் தர வேண்டியதில்லை என்று கிரிஷ் ராமச்சந்திர தேஷ்பாண்டே வழக்கில் 2012-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு அடித்தளம் போட்ட நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழுவும் 2018-ல் ஒட்டுமொத்தத் தடை கேட்கவில்லை. வெளியிடுவதால் வரும் தீங்கு பொதுநலனை விட அதிகமாக இருந்தால் மட்டுமே மறுக்கலாம் என்ற தராசைத்தான் பரிந்துரைத்தது.

8(2) இருக்கிறதே என்ற வாதத்திலும் ஓட்டை இருக்கிறது. அந்தப் பிரிவு ‘தரலாம்’ என்கிறது, ‘தர வேண்டும்’ என்று சொல்லவில்லை. முடிவெடுக்கும் இடத்தில் தகவல் அலுவலரைச் சொல்லாமல் ‘பொது அதிகார அமைப்பு’ என்கிறது. கேள்விக்கு உள்ளாகும் அதே துறைதான் பொதுநலனையும் அளந்து பார்க்கப் போகிறது. அதைவிடப் பெரிய சிக்கல், ‘எதற்காகக் கேட்கிறீர்கள்?’ என்று மனுதாரரிடம் காரணம் கேட்கக் கூடாது என்கிறது பிரிவு 6(2). இனி பெயர் உள்ள எந்த ஆவணத்தைக் கேட்டாலும் பொதுநலன் என்னவென்று மனுதாரரே வாதாட வேண்டியிருக்கும். காரணம் கேட்கக் கூடாது என்ற சட்டம், காரணம் சொன்னால்தான் நகரும் என்ற நிலைக்கு வந்துவிட்டது.

தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. நாட்டிலேயே முதல் மாநிலமாக 1997-ல் தகவல் உரிமைச் சட்டம் கொண்டுவந்தது தமிழ்நாடுதான். விதிவிலக்குகள் ஏராளமாக இருந்ததால் அது மக்கள் கையில் ஆயுதமாகவே இல்லை. 2005 சட்டம் வந்த பிறகுதான் நிலைமை மாறியது.

இனி மனு எப்படி எழுதுவது?

கதவு முழுதாக மூடிவிடவில்லை. கீழே உள்ளவை கைகொடுக்கும்.

1. பயனாளி பட்டியல் கேட்கும்போது பிரிவு 4(1)(பி)-யைக் குறிப்பிடுங்கள். மானியத் திட்டப் பயனாளிகள், சலுகையும் அனுமதியும் உரிமமும் பெற்றவர்கள் விவரத்தை யாரும் கேட்காமலேயே அரசு வெளியிட வேண்டும் என்கிறது அது. இந்தப் பிரிவில் திருத்தம் எதுவும் இல்லை.

2. பிரிவு 8(2)-ஐயும் மனுவிலேயே எழுதிவிடுங்கள். ‘பொதுப் பணம் செலவாகும் திட்டம், தகுதியானவர் விடுபட்டிருக்கிறார்’ என்று இரண்டு வரி போதும்.

3. ஆதார், போன் நம்பர், வங்கிக் கணக்கு எண் வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அவற்றை மறைத்துவிட்டு மீதியைத் தரப் பிரிவு 10 வழி செய்கிறது.

4. ஆளைக் கேட்பதற்குப் பதில் பதவியையும் கோப்பையும் கேளுங்கள். ‘இன்ன தேதியில் இந்த பில்லுக்கு ஒப்புதல் தந்த அலுவலரின் பதவி, அளவீட்டுப் புத்தக நகல்’ என்று எழுதினால் மறுப்பது கடினம்.

5. மறுத்தால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன் பிறகு 90 நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையத்தில் இரண்டாவது மேல்முறையீடு. மறுத்தது சரி என்று நிரூபிக்கும் பொறுப்பு அலுவலருடையது என்கிறது பிரிவு 19(5). இந்த வரியை மேல்முறையீட்டில் மறக்காமல் சேருங்கள்.

அதிகாரிகள் பயப்பட வேண்டுமா?

‘கொடுத்தா நம்ம மேல கேஸ் வருமோ?’ என்ற தயக்கம் தாலுகா அலுவலகம் வரை வருவது இயல்பு. தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அபராதம் 250 கோடி ரூபாய் வரை இருக்கிறது. ஆனால் வேறொரு சட்டப்படி பகிரங்கமாக்கியே தீர வேண்டிய தகவலுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று அதன் பிரிவு 3 தெளிவாகச் சொல்கிறது. பிரிவு 4-ன் கீழ் வெளியிடப்படும் பயனாளி பட்டியல் இதற்குள் வரும். அதனால் அலுவலருக்குப் பாதுகாப்பு பட்டியலை மறைப்பதில் இல்லை, முறைப்படி வெளியிடுவதில் இருக்கிறது.

செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, பிரிவு 44(3) திரும்பப் பெறப்பட வேண்டும். பொதுநலனையும் அந்தரங்கத்தையும் எடைபோடும் பழைய தராசு மீண்டும் சட்டத்துக்குள் வர வேண்டும். அது நாடாளுமன்றத்தின் வேலை.

இரண்டாவதற்கு டெல்லியை எதிர்பார்க்க வேண்டியதில்லை. எந்தெந்தப் பட்டியலை, எந்த வடிவில், எங்கே வெளியிட வேண்டும் என்று மாநில அரசு எல்லாத் துறைகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் பாதிச் சிக்கல் தீரும். மாவட்ட நிர்வாகம் அதைத் திண்டுக்கல்லில் இன்றே தொடங்கலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அங்கே பயனாளி பட்டியலை வாசித்து, ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டினால் அதற்காக யாரும் 10 ரூபாய் ஸ்டாம்ப் வாங்க வேண்டியிருக்காது.

வேலைக்காகக் கோவைக்கும் சென்னைக்கும் போய்விட்ட இளைஞர்களுக்கும் இதில் பங்கு உண்டு. கிராம சபை நாட்கள் பெரும்பாலும் விடுமுறை நாட்கள்தான். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது கூட்டத்தில் எழுந்து, “பட்டியல் எங்கே ஒட்டியிருக்கீங்க?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். அதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் தடை போடவில்லை.